ஸ்லாப் போட்ட காசு அழகா, போடாத காசு அழகா? (கேள்வி-பதில்)

போன தடவை கிரேடிங் பற்றி, அதாவது காசின் தரத்தைச் சோதித்து எண் கொடுப்பது பற்றி, எழுதியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: காசைக் கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள், அதாவது ஸ்லாப்புக்குள், அடைத்த பிறகு சேகரிப்பு பார்க்க நன்றாக இருக்குமா, இருக்காதா. விலை சமாச்சாரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இப்போதைக்குக் கண்ணுக்கு எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

ஈசூன் வாசகர்: "அண்ணா, என்னிடம் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பிரிட்டிஷ் காலத்துச் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், காசுகள் ஏழு இருக்கின்றன. மூன்று பிசிஜிஎஸ் என்ற கிரேடிங் நிறுவனத்தின் ஸ்லாப்பில், இரண்டு என்ஜிசி நிறுவனத்தின் ஸ்லாப்பில், மிச்சம் அட்டை உறையில். சேர்த்து வைத்தால் மருந்துக்கடை இழுப்பறை மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல். எல்லாவற்றையும் ஒரே ஸ்லாப்புக்கு மாற்றிவிடவா?"

வீட்டில் சொல்வது சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்லாப்பைப் பார்த்ததும் கண் முதலில் லேபிளுக்குத்தான் போகும், அப்புறம்தான் காசுக்கு. இரண்டு நிறுவனத்து லேபிள் கலந்துவிட்டால் அந்தத் தொல்லை இரட்டிப்பு. என்ஜிசி காசைச் சுற்றி வெள்ளை நிறத்தில் ஒரு சட்டம் வைக்கிறது, பிசிஜிஎஸ்ஸில் உள்ளே கண்ணாடி மாதிரி வளையம். நன்றாகக் கறுத்த வெள்ளிக் காசும் பழுப்பேறிய செம்புக் காசும் அந்த வெள்ளைச் சட்டத்தில் எடுப்பாகத் தெரியும், பளபளவென்று இருக்கும் வெள்ளி கொஞ்சம் மங்கித் தெரியும் என்பது என் அனுபவம். வேறு ஆள் வேறு மாதிரி சொல்வார்.

ஆனால் உங்கள் சேகரிப்பில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது லேபிள் இல்லை. 1903, 1904 வருடத்துக் காசு 26.95 கிராம். வெள்ளி உலோகத்தின் விலை ஏறவே, 1907இல் அதை 20.21 கிராமாகக் குறைத்தார்கள், குறுக்களவும் குறைந்தது. ஜார்ஜ் மன்னர் காலத்து 1919, 1920 காசுகளில் இன்னும் கை வைத்து, பாதிதான் வெள்ளி. ஒரு வெள்ளியில் வெள்ளி குறைந்துகொண்டே வந்த கதை அது! அட்டையிலோ தட்டிலோ பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இறக்கம் பார்த்த உடனே தெரியும், உள்ளங்கையில் எடுத்தால் இன்னும் தெரியும். ஏழும் ஒரே அளவு பிளாஸ்டிக் செங்கலுக்குள் போய்விட்டால் எல்லாமே ஒன்றுபோல் ஆகிவிடும். அதனால் ஸ்லாப் மாற்றும் செலவை மிச்சப்படுத்துங்கள். ஸ்லாப் ஐந்தையும் தனிப் பெட்டியில் போடுங்கள், அட்டையில் இருக்கும் இரண்டோடு, தேய்ந்த காசாக இருந்தாலும் பரவாயில்லை, மற்ற வருடங்களைத் தேடித் தட்டில் அடுக்குங்கள்.

தெம்பனிஸ் வாசகி: "எம்எஸ் 65 வாங்கினேன், நண்பர் வைத்திருக்கும் எம்எஸ் 63 அதைவிட அழகாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?"

இல்லை. அந்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு செண்டுகளுக்காகக் கொண்டுவந்தார், பிற்பாடு எல்லாக் காசுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். 60ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு, அதைத்தான் எம்எஸ் (மிண்ட் ஸ்டேட்) என்று போடுவார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீறல் எவ்வளவு, அச்சு எவ்வளவு கூர்மை, மினுமினுப்பு எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். உங்களுக்குப் பிடிக்கும் நிறம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லையே. நான் கடையில் செய்வது ஒன்றுதான்: லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காசை மட்டும் பார்ப்பேன். அப்படியும் கை கீழே வைக்க மறுத்தால் வாங்குவேன். கடைக்காரருக்கு இது பிடிக்காது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்: "ஐயா, பாட்டி வைத்திருந்த விக்டோரியா ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பினேன். எண்ணே போடாமல் 'டீடெயில்ஸ், கிளீண்ட்' (குறையுள்ள காசு, தேய்த்துச் சுத்தம் செய்தது) என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பாட்டி பத்திரமாகத்தானே வைத்திருந்தார்?"

பத்திரமாகத்தான் வைத்திருப்பார், அதுதான் பிரச்சினையே. நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிச் சாமானுக்கு விபூதி. பொங்கலுக்கு முதல் நாள் காசுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கும். விபூதி தேய்த்த வெள்ளியில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும், விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் உங்களுக்கே தெரியும். சின்ன வயதில் நானும் ஒரு கால் அணாவைப் புளி போட்டுத் தேய்த்து ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்து, ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவன்தான்.

அந்த ஸ்லாப்பை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள். பாட்டி காசின் தலைமேல் "கிளீண்ட்" என்று எழுதி மாட்டியிருப்பதை ஒவ்வொரு தடவையும் ஏன் பார்க்க வேண்டும்? ஸ்லாப்பைத் துண்டில் சுற்றி, விளிம்பு மூலையைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்துத் திறக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுத்தியலைத் தொடவே தொடாதீர்கள். இதை டீடெயில்ஸ் காசுக்கு மட்டும் சொல்கிறேன். எண் வாங்கிய காசை உடைத்தால் நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடும்.

இதே ரகத்தில் இன்னொரு கேள்வி, காசுமாலையிலிருந்து கழற்றிய சவரன்கள் பற்றி. விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தால் அதுவும் டீடெயில்ஸ்தான், வளையத்தை எவ்வளவு நேர்த்தியாக எடுத்திருந்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் சில பத்து வெள்ளி கொடுத்து அதை பிளாஸ்டிக்கில் எழுதி வாங்க வேண்டாம். ஏழு கிராம் தொள்ளாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம், 22 காரட், அந்தத் தங்கம் எங்கேயும் போகாது. என்னைக் கேட்டால் மாலையையே பிரித்திருக்கக் கூடாது.

பொங்கோல் வாசகர்: "1911 பன்றி ரூபாய் என்னிடம் ஸ்லாப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், வெளியே எடுக்கலாமா?"

எடுக்காதீர்கள். தெரியாதவர்களுக்காக: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்ததால் எதிர்ப்பு கிளம்பி, 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இந்த மாதிரிக் காசுக்கு ஸ்லாப் நல்ல துணை. தீபாவளிக்கு வரும் பத்துப் பேரும் முறுக்கு சாப்பிட்ட கையோடு வாங்கிப் பார்க்கலாம், விரல் ரேகை பிளாஸ்டிக்கில்தான் விழும். ஒரு லென்ஸை மட்டும் பக்கத்தில் வையுங்கள், பன்றியைக் கண்டுபிடிப்பது பிள்ளைகள் பாடு. ஸ்லாப்பில் விளிம்பை முழுசாகப் பார்க்க முடியாது, காசின் கனமும் கைக்குத் தெரியாது. அதற்கு ஒரு தேய்ந்த 1912 ரூபாயை ஸ்லாப் இல்லாமல் கூடவே வைத்துவிடுங்கள், தொட்டுப் பார்க்கட்டும்.

"சிங்கப்பூர் மிண்ட்டின் (நாணயச் சாலையின்) சந்திர ஆண்டு, அதாவது சீன விலங்கு ஆண்டு, வெள்ளிக் காசுகளை ஸ்லாப் போடலாமா?" என்று மூன்று பேர். 1981 சேவல் ஆண்டிலிருந்து வரும் வரிசை அது. மிண்ட் கொடுத்த பெட்டி, சான்றிதழ், வட்டக் கூடு எல்லாம் சேர்ந்ததுதான் அதன் அழகு. கிரேடிங்குக்கு அனுப்பினால் கூட்டிலிருந்து காசை எடுத்துவிடுவார்கள், திரும்பி வரும் ஸ்லாப் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. விட்டுவிடுங்கள்.

ஜூரோங் வாசகர்: "ஸ்லாப்பில் இருந்தால் போலி இல்லை என்று நம்பலாமா?"

ஸ்லாப்பிலேயே போலி இருக்கிறது. பிரிட்டிஷ் டிரேட் டாலர் (ஆசிய வணிகத்துக்காக அடித்த வெள்ளிக் காசு), ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி இரண்டுக்கும் போலிகள் ஏராளம். ஸ்லாப் இல்லாத காசு என்றால் தராசில் போட்டு அதற்குரிய எடை (டிரேட் டாலருக்கும் 1903, 1904 ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளிக்கும் 26.95 கிராம்) வருகிறதா என்று பார்க்கலாம், காந்தம் வைக்கலாம், விளிம்பைச் சுற்றிப் பார்க்கலாம். பிளாஸ்டிக்குக்குள் போனபின் இதில் பாதி நடக்காது. லேபிள் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதே கீறல், அதே கறை உங்கள் காசிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது, உண்மையான எண்ணைத் திருடி ஒட்டுவார்கள்.

கடைசியாக, தோ பாயோவிலிருந்து ஒருவர்: "ஸ்லாப் வேண்டாம் என்று முடிவு. நம் ஊர் ஈரத்துக்கு வேறு எதில் வைப்பது?"

முதலில், ஸ்லாப்புமே காற்றுப் புகாத பெட்டி இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளியும் மெதுவாகக் கறுக்கும். அதனால் எதில் வைத்தாலும் உலர்பெட்டியோ சிலிக்கா ஜெல்லோ வேண்டும். மலிவான மெத்துமெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கி எறியுங்கள். அவை பிவிசி, கொஞ்ச வருடத்தில் காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும். மைலார் (மெல்லிய, பிவிசி இல்லாத பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டை போதும். ஸ்டேப்ளர் கம்பி இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே ஒட்டும் ரக அட்டை வாங்குங்கள். ஏற்கெனவே கம்பி அடித்த அட்டை இருந்தால் காசை இழுத்து எடுக்காமல், முதலில் கம்பி நான்கையும் பிடுங்கிவிட்டு அப்புறம் அட்டையைப் பிரியுங்கள். கம்பி முனை காசின்மேல் உரசினால் அந்தக் கோடு போகவே போகாது.