வாசகர் கேள்வி – பதில்: வேட்பாளர் சொன்னதும் வாக்களித்ததும்

கேள்வி: வட கரோலைனாவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். குடியுரிமை பெற்ற பின் முதன்முறையாக மாநிலப் பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். என் தொகுதியில் போட்டியிடும் இருவருமே தங்கள் துண்டறிக்கையில் ‘எல்லோருக்கும் எட்டும் மருத்துவம்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். ஒருவர் இப்போதைய உறுப்பினர். மற்றவர் முன்பு கவுன்ட்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள உள்ளாட்சிப் பிரிவு) ஆணையராக இருந்தவர். மருத்துவம், காப்பீடு ஆகியவற்றில் இவர்களுடைய உண்மையான நிலைப்பாட்டைப் பொது ஆவணங்களைக் கொண்டு நானே எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கேரி

பதில்: இருவரும் ஒரே வாக்கியத்தை அச்சிட்டிருப்பதைக் கவனித்தீர்களே, தேடல் அங்கேயே தொடங்கிவிட்டது. மருத்துவம் என்றாலே நாம் வாஷிங்டனைத்தான் பார்க்கிறோம். ஆனால் குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்குவதா வேண்டாமா, புதிய மருத்துவமனைப் படுக்கைகளுக்கு அரசு அனுமதி தேவையா, செவிலியர் எந்த அளவுக்குத் தாமாகவே சிகிச்சை அளிக்கலாம் என்பன போன்றவை மாநிலத் தலைநகரான ராலேயில் கூடும் 120 பிரதிநிதிகளும் 50 செனட்டர்களும் முடிவு செய்யும் விஷயங்கள்.

இப்போதைய உறுப்பினரிலிருந்து தொடங்குங்கள். சட்டமன்ற இணையதளத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்தால் அவர் முன்மொழிந்த மசோதாக்களும் அளித்த வாக்குகளும் அமர்ந்திருக்கும் குழுக்களும் கிடைக்கும். பலரும் வாக்குகளைப் பார்த்தவுடன் ஆம், இல்லை என்று எண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறு என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. மெடிகெய்டை விரிவாக்கிய 2023-ஆம் ஆண்டின் பிரதிநிதிகள் அவை மசோதா 76-ஐத் திறந்து பாருங்கள். ‘மருத்துவ வாய்ப்புகளை அணுகுதல்’ என்ற பொருளில் அமைந்த அதன் தலைப்பில் மெடிகெய்டு என்ற சொல்லே இல்லை. தலைப்பை வைத்துத் தேடியிருந்தால் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும். அந்தப் பக்கத்தில் மசோதாவின் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி இணைப்பாக இருக்கும். பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றி அனுப்பியது விரிவாக்கத்தை மையமாகக் கொண்ட மசோதா. செனட்டிலிருந்து மார்ச்சில் திரும்பி வந்தபோதோ ‘தேவைச் சான்றிதழ்’ சட்டத்தைத் தளர்த்தும் பிரிவுகள் அதனுடன் சேர்ந்திருந்தன. மருத்துவமனை புதிய படுக்கைகளைச் சேர்க்கவோ எம்ஆர்ஐ போன்ற பெரிய கருவியை வாங்கவோ மாநிலத்திடம் முன் அனுமதி பெற வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். இரண்டும் பிணைந்த வடிவத்தைத்தான் பிரதிநிதிகள் அவை 87-க்கு 24 என்ற கணக்கில் ஏற்றது. மார்ச் 27 அன்று ஆளுநர் ராய் கூப்பர் கையொப்பமிட்டார்.

ஆகவே உங்கள் உறுப்பினர் பிப்ரவரியில் ஆம் என்றும் மார்ச்சில் இல்லை என்றும் வாக்களித்திருந்தால், அவர் ஏழைகளுக்கான காப்பீட்டை எதிர்த்தார் என்று சொல்வதற்கு முன், இடையில் சேர்ந்த பிரிவுகளை எதிர்த்திருக்கலாமா என்று பார்க்க வேண்டும். இரண்டு முறையும் இல்லை என்றிருந்தால் பொருள் வேறு. இரண்டு தேதிகளையும் இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவை எந்தத் தொலைக்காட்சி விவாதமும் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

வாக்குப் பட்டியலில் ‘வாக்களிக்கவில்லை’, ‘அனுமதியுடன் வரவில்லை’ என்ற வரிசைகளும் இருக்கும். அவற்றையும் விடாமல் பாருங்கள். ஆளுநரின் வீட்டோவை, அதாவது அவர் ஒரு மசோதாவை நிராகரிப்பதை, மீற அவையில் இருந்து வாக்களிப்போரில் ஐந்தில் மூன்று பங்கினர் வேண்டும். அதனால் வராதவரும் கணக்கை மாற்றுகிறார். கருக்கலைப்புக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் என்று வரம்பு விதித்து, சில விதிவிலக்குகளையும் கொண்ட 2023-ஆம் ஆண்டின் செனட் மசோதா 20-இன் மீதான வீட்டோவை, மே 16 அன்று செனட் 30-க்கு 20 என்றும் பிரதிநிதிகள் அவை 72-க்கு 48 என்றும் மீறின. பிரதிநிதிகள் அவையில் 120 பேரும் வாக்களித்த நிலையில் 72 என்பது சரியாக ஐந்தில் மூன்று பங்கு. அத்தகைய நாளில் ஒவ்வொரு பெயருக்கும் எவ்வளவு எடை இருந்தது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. நீங்கள் அந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நின்றாலும், உங்கள் உறுப்பினர் எங்கே நின்றார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாத ஆவணம் அது.

அவையின் வாக்குகளில் காணக் கிடைக்காததும் ஒன்று உண்டு. பெரும்பாலான மசோதாக்கள் அவைக்கு வராமல் குழுவிலேயே நின்றுபோகின்றன. குழுக்களில் குரல் வாக்கெடுப்பே வழக்கம் என்பதால், யார் தடுத்தார் என்பது பெரும்பாலும் பதிவில் இருக்காது. அங்கே உதவுவது முன்மொழிவோர் பட்டியல். முதன்மை முன்மொழிவோர் என்று முதலில் வரும் சிலர் உழைத்தவர்கள். பின்னர் பெயர் சேர்த்துக்கொண்ட நாற்பது பேர் ஆதரவைக் காட்டியவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடாதீர்கள். எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதா நகரவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமன்று. ஆளும் தரப்பின் சுகாதாரக் குழுத் தலைவர் ஒருவரின் மசோதா நகரவில்லை என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி.

இனி, முன்னாள் கவுன்ட்டி ஆணையர். அவருக்குச் சட்டமன்ற வாக்கு இல்லை என்பதால் அவர் வெற்றுத் தாள் என்று எண்ண வேண்டாம். கவுன்ட்டி சுகாதாரத் துறைக்கும் அவசர ஊர்திச் சேவைக்கும் ஆண்டுதோறும் பட்ஜெட் ஒதுக்கியவர்கள் அந்த ஆணையர்கள்தாம். அதைவிடச் சுவையான ஆவணம், பழக்கத்துக்கு அடிமையாக்கும் ஓபியாய்டு வலிநிவாரணி மருந்துகள் தொடர்பான வழக்குகளில் நிறுவனங்களுடன் எட்டிய உடன்பாட்டுத் தொகையைப் பற்றியது. இந்த மாநிலத்தில் அத்தொகையின் 85 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. அதை எதற்குச் செலவிடப் போகிறோம், எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று ஆணையர் குழு வெளிப்படையாகத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே செலவிட முடியும். எனவே போதைப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான மருந்துச் சிகிச்சைக்கு அவர் கை தூக்கினாரா, வேறு எதற்காவது வாதாடினாரா என்பதைக் கவுன்ட்டியின் கூட்டக் குறிப்புகளில் காணலாம். கூட்டக் குறிப்பு சுருக்கமாகத்தான் இருக்கும். காணொளிப் பதிவு இருந்தால் அந்தத் தீர்மானம் வரும் இடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். நிதி போதாது என்று ஒருவர் சொல்வதற்கும் அந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு குறிப்பில் மறைந்துவிடும், குரலில் மறையாது.

இணையத்தில் கிடைக்காதவற்றை எழுதிக் கேட்கலாம். மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி, ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் விளக்கம் கோர முடியாது. ‘சுகாதாரம் பற்றிய எல்லாக் கடிதங்களும்’ என்று கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ‘இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை, இந்தத் தீர்மானம் குறித்து இன்ன ஆணையர் கவுன்ட்டி மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள்’ என்று கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் இதே வழி எளிதாக இராது. தம்மிடம் உள்ள ஆவணம் பொது ஆவணமா என்பதை உறுப்பினர் தாமே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2023-ஆம் ஆண்டின் பட்ஜெட் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்துவிட்டது. மக்களின் பணத்தில் மக்களுக்காகச் செய்யும் வேலையின் தாள்களைப் பற்றி அப்படி ஒரு விதி இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

தேர்தல் நிதி அறிக்கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் தொழிலும் மாநிலத் தேர்தல் வாரியத்திடம் பதிவாகும். மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவர் சங்கங்கள் ஆகியவற்றின் அரசியல் குழுக்கள் இரு கட்சியினருக்கும் கொடுப்பதுண்டு. ஆகவே ஒரு நன்கொடை எதையும் நிறுவாது. தேதியைப் பாருங்கள், தொகையைப் பாருங்கள், வாக்குடன் ஒப்பிடுங்கள், அதற்கு மேல் ஊகிக்காதீர்கள்.

கேள்வி: என் தொகுதி வேட்பாளர் இதுவரை எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அவரைப் பற்றி எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், ஷார்லட்

பதில்: மாநில நெறிமுறை ஆணையத்திடம் வேட்பாளர்கள் அளிக்கும் பொருளாதார நலன் அறிக்கையில் தொடங்குங்கள். மருத்துவமனையிலோ மருந்து நிறுவனத்திலோ அவருக்குப் பணியோ பங்கோ இருந்தால் அதில் தெரியும். அடுத்து, பிரசார இணையதளத்தின் பழைய பதிப்புகளை இணையப் பக்கங்களின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பாருங்கள். உட்கட்சித் தேர்தலுக்கு முன் இருந்த ஒரு பத்தி அதன் பிறகு காணாமல் போயிருந்தால் அதுவே ஒரு தகவல்.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி இருக்கும். அப்போது நேரில் கேளுங்கள், ஆனால் பொதுவாகக் கேட்காதீர்கள். மெடிகெய்டு விரிவாக்கத்தால் இந்த மாநிலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காப்பீடு பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கான செலவில் 90 விழுக்காட்டை ஒன்றிய அரசு தருகிறது. அது 90-க்குக் கீழே இறங்கினால் விரிவாக்கம் நின்றுபோகும் என்று மேலே சொன்ன மசோதா 76 வழியே வந்த சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. “அந்த நிலை வந்தால் இந்தப் பிரிவை மாற்ற வாக்களிப்பீர்களா, இந்த மக்களின் காப்பீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?” என்று கேளுங்கள். கிடைக்கும் விடையைத் தேதியிட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வென்றால், மசோதா 76-க்கு அருகில் அந்தக் காகிதத்தை வைத்து ஒப்பிட உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.