பிரிட்டனில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு நீல வர்ணம் எதற்கு?

கேள்வி: படிப்பதற்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். இங்கே, அணி பிரிந்து ஆடும் ஆட்டத்தில் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடப் பயன்படும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளைப் பளிச்சென்ற நீலத்திலும் சிவப்பிலும் விற்கிறார்களே, ஏன்? வாங்கிய பின் கறுப்பு வர்ணம் பூசிக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சட்டம் ஏற்கும் காரணம் உங்களிடம் இல்லாதவரை பூசாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து செய்யும் சிறு கைவேலையாகத் தோன்றினாலும், ஒரு போலித் துப்பாக்கியை அசல் போலத் தோன்றும்படி மாற்றுவதை, அத்தகைய ஒன்றைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது ஆகியவற்றோடு சேர்த்து ஒரே பிரிவில் குற்றமாக வைத்திருக்கிறது 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம்.

இந்தக் கட்டுப்பாடுகள் 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அசலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருப்பதுதான் 'அசல் போன்ற போலி' என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணம். நிபுணர் ஒருவரால்தான், அல்லது அருகில் வைத்து உற்றுப் பார்த்தால்தான், அல்லது சுட முயன்றால்தான் வேறுபாடு தெரியும் என்றால், அது பிரித்தறிய முடியாததாகவே கொள்ளப்படும். இரவு நேரத்தில் பத்தடி தள்ளி நிற்கும் ஒரு காவலரின் கண்ணை அளவுகோலாக வைத்து எழுதியதுபோல எனக்குத் தோன்றும் வரி இது. எனவேதான் துப்பாக்கியின் முதன்மை நிறம் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய ஏழில் ஒன்றாகவோ, அல்லது துப்பாக்கி கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதாகவோ இருந்தால் அது அசல் போன்றதல்ல என்று விதிகள் ஏற்கின்றன.

நான் முதலில் வாங்கியது இப்படிப்பட்ட ஒரு நீலத் துப்பாக்கிதான். வீட்டுக்குக் கொண்டுவந்து கைப்பிடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டியபோது உள்ளே கறுப்பு தெரிந்தது. கறுப்பாக வந்த சரக்குக்குக் கடைக்காரரே நீலம் தெளித்து, அந்தக் கூலியையும் என் ரசீதிலேயே சேர்த்திருந்தார்! காட்டுக்குள் புதர் மறைவில் பதுங்கியிருந்தால் எதிரணியினருக்கு என் தலை தெரிவதற்கு முன்பே துப்பாக்கி தெரிந்துவிடும்.

கறுப்புத் துப்பாக்கியை விற்பதற்குச் சட்டம் சில விதிவிலக்குகளை அனுமதிக்கிறது: அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று நிகழ்வுகளை நடித்துக் காட்டுதல், மூன்றாம் தரப்புக் காப்பீடு உள்ள திடலில் நடக்கும் ஏர்சாஃப்ட் ஆட்டம் போன்றவை. வாங்குபவர் உண்மையிலேயே ஆட்டக்காரர் என்று கடைக்காரர் உறுதிசெய்துகொள்வதற்காகச் சில்லறை வணிகர்கள் வைத்திருக்கும் பதிவேடுதான் யுகாரா. ஒரே திடலில், முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடையே 56 நாட்களாவது இருக்கும்படி, குறைந்தது மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தால் அதில் சேரலாம். 18 வயது நிறைந்திருக்கவும் வேண்டும். பலர் இதை உரிமம் என்று சொல்வது தவறு. குற்றம் வாங்குபவர்மீது அல்ல, விற்பவர்மீதே சுமத்தப்படுகிறது. தம்மைக் காத்துக்கொள்ள அவர் கேட்கும் சான்றுதான் அந்தப் பதிவெண்.

பிரிட்டன் துப்பாக்கி விற்கப்படும் நோக்கத்தைப் பார்க்கிறது என்றால், அமெரிக்கா குழலின் நுனியை மட்டும் பார்க்கிறது. 1988ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, குழல் முனையிலிருந்து குறைந்தது 6 மி.மீ. அளவுக்குச் சுற்றிலும் ஆரஞ்சு நிறம் இருந்தால் போதும். ஒரு விரல் அகலம்கூட இல்லாத இந்த அடையாளம் எளிதில் கழன்றுவிடும். 2014இல் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றபோது, அவனிடம் இருந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. காவல் வாகனம் வந்து நின்ற சில நொடிகளுக்குள் நடந்த அந்தச் சம்பவத்தில், 6 மி.மீ. வர்ணம் இருந்திருந்தாலும் யார் கண்ணிலாவது பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அதனால், விசைக்காப்பிலும் கைப்பிடியிலும் ஒளிரும் நிறப் பட்டைகள் வேண்டும் என்று கலிபோர்னியா 2016 முதல் கேட்பது, போதாது என்றாலும், கொஞ்சம் விவேகமானது.

ஜப்பானின் கதை வேறு. உலோகத்தாலான மாதிரிக் கைத்துப்பாக்கிகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்று அங்கே 1971இல் சட்டம் வந்தது. பிளாஸ்டிக்கை அந்த நிறவிதி கட்டுப்படுத்தவில்லை. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் அந்த நாட்டிலிருந்தே உலகெங்கும் பரவின. அங்கே இவற்றுக்கு 2006இல் வந்த கட்டுப்பாடு குண்டு பாயும் ஆற்றலைப் பற்றியது, நிறத்தைப் பற்றியது அல்ல.

கடைசியாக ஒன்று. நீலமாக இருப்பதால் தெருவில் கையில் எடுத்துச் செல்லலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தகுந்த காரணமின்றிப் போலித் துப்பாக்கியைப் பொதுவிடத்தில் வைத்திருப்பது பிரிட்டனில் தனிக் குற்றம். நிறம் உங்களைக் காப்பாற்றும் என்று அங்கே நம்ப முடியாது. நான் என்னுடையதை உறையிட்டுப் பூட்டிய பைக்குள் வைத்து, காரின் பின்பெட்டியில் கொண்டுபோகிறேன். திடலுக்குள் நுழைந்த பிறகுதான் பூட்டைத் திறப்பேன்.