பிறந்து 40 நாளாகியும் குழந்தைக்கு மஞ்சள் போகவில்லை. மலமும் வெளுப்பாகப் போகிறது. வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. நாளைக் காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மலம் வெளுப்பாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். தாய்ப்பாலால் வரும் மஞ்சளும் ஒரு மாதம் தாண்டி நிற்கும். ஆனால் அதில் மலம் வெளுக்காது.

என் அக்கா பிரசவத்துக்குக் குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் பேரனுக்குத் துணி கட்டுவாள் அம்மா. "இவன் துணியில கறையே பிடிக்கல, அலசினா போதும்" என்று சந்தோஷமாகச் சொல்வாள். இட்லி மாவு நிறத்தில் போயிருக்கிறான். சிறுநீர் பட்ட இடம்தான் மஞ்சளாக நின்றது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலுக்கு வராமல் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. முதலில் காட்டிய இடத்தில் வெயிலில் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாட்டி கீழாநெல்லி தேடக் கிளம்பினார். நீங்கள் அதையெல்லாம் கொடுத்துவிடாதீர்கள்.

46ஆம் நாள் வேலூருக்குப் போனோம். ரத்தத்தில் டைரக்ட் பிலிருபின், அதாவது ஈரல் பதப்படுத்திப் பித்தத்தில் அனுப்பும் மஞ்சள் நிறப்பொருள், எவ்வளவு என்று பார்த்தார்கள். மொத்த அளவை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, அதனால் நீங்களும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்கு நான்கு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். பசியில் அக்காவின் தோளைச் சப்பிக்கொண்டே கிடந்தான். பித்தப்பை சுருங்கி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பித்தத்தை ஈரலிலிருந்து குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளம் அடைபட்ட 'பிலியரி அட்ரீசியா'.

இதற்கு மருந்து கிடையாது. ஜப்பானில் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை சிகிச்சைதான் வழி. கெட்டுப்போன நாளத்தை எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்து ஈரலோடு தைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போகப் போக ஈரல் இறுகிவிடும். பல குழந்தைகளுக்கு அதற்குப் பிறகும் ஈரல் மாற்ற வேண்டிவரும், அதையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் பையனுக்கு 53ஆம் நாள் நடந்தது. அப்புறம் ஒரு வருஷம், காய்ச்சல் என்றாலே வேலூருக்கு ஓடினோம், நாளத்தில் கிருமி ஏறியிருக்குமோ என்று. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

உங்கள் குழந்தைக்கு வேறாகவும் இருக்கலாம். பித்தநாளம் பை மாதிரி வீங்கும் 'கொலிடோக்கல் சிஸ்ட்'டிலும் இதே அறிகுறிகள் வரும். அதில் அந்தப் பையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறலாம்.

குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். இன்று ராத்திரி மாற்றுகிற துணியை அலசாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.