கத்திரிக்காய் விலைக்கு நடுவே ஒரு தேசச் செய்தி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை ஒழுங்கு செய்கிறோம். இரண்டாங்கட்டு அறையில் அப்பத்தா எழுதிய நாள்கணக்கு நோட்டுகள் 31 கிடைத்தன. 1984 நோட்டில் ஒரு பக்கம்: "ஐப்பசி 15 புதன். இந்திரா அம்மாவைச் சுட்டுட்டாங்க, ரேடியோவில் சொன்னது. பால் அரைப்படி. கத்திரிக்காய் 1.50. ஓடு மாத்த வே. 2 ஆள்." நாடே கதறிய நாளில் கத்திரிக்காய்க் கணக்கு! முக்கியமான வரிகளை மட்டும் டைப் செய்துகொண்டு, மற்றதைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. பெரிய அத்தைக்கு மட்டும் மனசில்லை. உங்கள் கருத்து?
— ஒரு வாசகர்

பதில்: பேப்பர்காரரிடம் சரி என்று சொல்லியிருந்தால், இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தம்பி எதை முக்கியம் என்கிறார்? இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று சுடப்பட்ட செய்தி எந்த நூலகத்திலும் கிடைக்கும். அன்றைக்கு உங்கள் ஊரில் கத்திரிக்காய் என்ன விலை, ஓடு மாற்ற எத்தனை ஆள் வந்தார்கள் என்பது உலகத்திலேயே அந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது. அவர் எறியச் சொல்வது வேறெங்கும் கிடைக்காததை.

நீங்கள் அனுப்பிய படத்தில் அடுத்த நாள் வரியையும் பாருங்கள். "ஐப்பசி 16. பால் அரைப்படி. காய் இல்லை. ரசம், அப்பளம்." கடை அடைப்பு என்று அப்பத்தா எழுதவில்லை, காய் இல்லை என்று எழுதியிருக்கிறார். பிரதமர் இறந்த செய்தி உங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது அந்த இரண்டு சொல்லாகத்தான். அதே பக்கத்தின் மேலே, தேங்காய்க்கும் சீயக்காய் அரைத்த கூலிக்கும் இடையில், "எம்.ஜி.ஆருக்கு அர்ச்சனை 1.00" என்று இருக்கிறது. அக்டோபர் 5 முதல் அவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளையார் முன்னால் ஒரு ரூபாய் வைத்து அப்பத்தா வேண்டிக்கொண்டதை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. வரி வரியாகப் பொறுக்கினால் இது போய்விடும். எடுத்தால் முழுப் பக்கமாக எடுங்கள்.

பழைய நோட்டுகளில் ஆண்டைத் தவறாக எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ரக்தாட்சி என்றால் 1984-ம் உண்டு, 1924-ம் உண்டு. விஷு என்றால் 1941-ஆ, 2001-ஆ? கணக்கே சொல்லிவிடும். அணா என்று இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது. அன்றுதான் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. ஆனாலும் வாய்ப்பழக்கத்தில் அதற்குப் பிறகும் அணா எழுதியவர்கள் உண்டு, ஆகவே அளவையையும் சேர்த்துப் பாருங்கள்: வீசை, பலம் என்ற பழைய எடைகள் போய் கிலோ வந்துவிட்டதா என்று. விஷு மார்கழியில் இருந்து பர்மாப் பணவரவு வரி காணாமல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1941. அந்த டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் ஊரே ஜப்பான்காரர் கைக்குப் போனது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆண்களின் வீடுகளில் அது எண்ணெய்ச் செலவு குறைந்ததாகவும், நகை அடகாகவும் பதிந்திருக்கும். வெறும் பக்கம் இருந்தால் அதையும் படம் எடுங்கள். எழுதாத நாளும் ஒரு தகவல்.

இனி காகிதத்துக்கு. பூச்சி இருந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள், நீல மை வெளிறிவிடும். நோட்டை பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒருநாள் பையைத் திறக்கவே கூடாது; உடனே திறந்தால் காகிதத்தில் வியர்த்துவிடும். துருப்பிடித்த கிளிப், குண்டூசியைப் பொறுமையாக எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், சில ஆண்டில் மஞ்சளாகிப் பசை எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம்: அந்தச் சூட்டில் ஒட்டியதை மறுபடி பிரிக்க வழியில்லை.

படம் எடுக்க வளவு, அதாவது வீட்டின் நடுமுற்றப் பகுதி, நல்ல இடம். காலை 10 மணிக்கு மேல், நேர் வெயில் படாத தாழ்வாரத்தில், ஃபிளாஷ் இல்லாமல். முதுகு உடையாமல் இருக்க இரண்டு அட்டைக்கும் அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். ஒருவர் புரட்ட, ஒருவர் எடுக்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும், நோட்டின் அளவு தெரியும். முன்னட்டை, பின்னட்டை, உள்ளே செருகிய ரசீது, பஸ் டிக்கெட் எதையும் விடாதீர்கள். அவை எந்தப் பக்கத்தில் இருந்தனவோ அங்கேயே திரும்ப வையுங்கள். கோப்புக்குப் பெயர் ஆண்டு, நோட்டு எண், பக்க எண் என்ற வரிசையில் கொடுத்து, இரண்டு பங்காளி வீட்டில் ஒவ்வொரு பிரதி வையுங்கள். மூல நோட்டுகளைப் பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வசம்பு போட்டு, சுவரைத் தொடாமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில். தேக்குப் பெட்டகம்தானே என்று இருக்காதீர்கள். கறையான் தேக்கை விட்டுவிட்டுக் காகிதத்தைத் தின்னும்.

உங்கள் பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கைப்பிரதி என்று மற்றவர் எறிந்ததையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பில் இருந்துதான் சென்னையில் ஆய்வு நூலகமே உருவானது. அப்படி ஓர் இடத்துக்குக் கொடுக்க நினைத்தால், கடன் வாங்கியவர் பெயர் உள்ள பக்கங்களையும் மொய்க் கணக்கையும் முதலில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது மற்றக் குடும்பங்களின் மானம் சம்பந்தப்பட்டது.

பெரிய அத்தைக்கு மனசில்லை என்கிறீர்கள். அந்த நோட்டில் "வே." என்பது யார், வேலனா, வேலாயியா? "சி. வீட்டுக்கு நெல்" என்றால் எந்த வீடு? இதற்குப் பதில் தெரிந்தவர் இனி அவர் ஒருவராகத்தான் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு போய் உட்காருங்கள், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு.