சட்டகத்தின் ஓரத்தில் நிற்பவன்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ (1978) என்ற திகில் படத்தைப் பார்த்தேன். ராத்திரி, ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பார்த்தேன். அன்று தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் தம்பி அதே படத்தைக் கல்லூரி பஸ்ஸில் போனில் பார்த்துவிட்டு வந்து, “பாதிப் படம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கலை, இதுக்கா பயந்தே?” என்றான். படம் பார்த்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். பாதிப்பேர், ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் ஸ்லாஷர் படங்களுக்கே இதுதான் ஆதி என்று கொண்டாடுகிறார்கள். மீதிப்பேர், ரத்தம் இல்லை, கதை நடக்கும் இல்லினாய் மாநிலத்து ஊரில் பனைமரம் தெரிகிறது, கதாநாயகி கையில் கிடைத்த கத்தியைத் தூக்கிப் போடுகிறாள், முடிவே இல்லை என்கிறார்கள். ஒழுக்கமில்லாத பெண்கள் சாகவேண்டும் என்று சொல்லும் படம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

உங்கள் தம்பி சொன்னது பொய்யில்லை. 1963-ல் நடப்பதாக வரும் முதல் கொலைக்குப் பிறகு, படம் பாதியைத் தாண்டும்வரை நம் கண்ணெதிரே ஒரு மனிதர்கூடச் சாவதில்லை. ரத்தம் மொத்தப் படத்திலும் மிகக் கொஞ்சம். கொலைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் சலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நேரம் முழுக்கப் படம் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பஸ்ஸில், போனில் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

கார்பென்டரிடம் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர். 1978-ன் வசந்தத்தில், இருபது நாள் படப்பிடிப்பில் முடித்தார்கள். அறியப்பட்ட நடிகர் என்று டொனால்ட் பிளெசன்ஸ் ஒருவர்தான். அவரும் 5 நாள்தான் வந்தார். கொலைகாரன் மைக்கேல் மயர்ஸாகப் பெரும்பாலும் நடித்த நிக் காஸில், இயக்குநரோடு திரைப்படக் கல்லூரியில் படித்த நண்பர். அவருக்கு நாள் கூலி 25 டாலர். முகமூடி, ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க் முகமாகக் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக விற்றது. அதன் கண்துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். இத்தனை நெருக்கடியிலும் ஒன்றில் மட்டும் கார்பென்டர் கையைச் சுருக்கவில்லை. படத்தைப் பானாவிஷன் அகலத்திரையில்தான் எடுப்பேன் என்று நின்றார்.

அந்த அகலம் முழுவதும் பயத்துக்காகவே செலவாகிறது. கதாநாயகி லாரி நடுவில் நடந்துபோவாள். ஓரத்தில் ஒரு வேலிச்செடி, ஒரு கார், துணி காயும் கொடி. அங்கே கொலைகாரன் நிற்பான், அல்லது நிற்கமாட்டான். முதல் சில தடவை அவனைக் காட்டிவிட்டு, பிறகு வெறும் ஓரத்தை மட்டும் காட்டுகிறார் கார்பென்டர். நம் கண் தானாக அங்கே போய்த் துழாவுகிறது. நீங்கள் ஹாலில் உட்கார்ந்து செய்தது இந்த வேலையைத்தான். உங்கள் தம்பியின் கையிலிருந்த திரையில் அந்த ஓரம் ஒரு விரல் அகலம்கூட இருந்திருக்காது.

ஒரு காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். தோழிகளின் பிணங்களைக் கண்ட லாரி, அறையிலிருந்து தள்ளாடி வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இருண்ட வாசல். அதில் ஒன்றும் இல்லை. பிறகு, எந்த நொடியில் என்று சொல்லமுடியாதபடி, அங்கே அந்த வெள்ளை முகம் இருக்கிறது. யாரும் குதித்து வரவில்லை, ஷாட்டும் இடையில் வெட்டப்படவில்லை. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி, நடிகரை முன்பே இருட்டில் நிறுத்திவைத்து, ஒரு சின்ன விளக்கின் ஒளியை டிம்மரில் மெல்ல மெல்ல ஏற்றினார், அவ்வளவுதான். அவன் அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்தான் என்று புரியும்போது, இதற்கு முன் பார்த்த வெற்று வாசல்கள் எல்லாம் மனதில் வந்து நிற்கின்றன. பணம் இருந்திருந்தால் இந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருப்பார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பிறகு லாரி அவனைக் குத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாத தொலைவில் அவன் எழுந்து உட்காருகிறானே, அதுவும் இதே வித்தைதான்.

பார்த்தவர்களின் கருத்து என்றால் கார்பென்டரே எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. இசையும் ஒலிகளும் சேர்க்காத நிலையில் படத்தை ஒரு பெரிய ஸ்டூடியோவின் இளம் நிர்வாகிக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. இசை சேர்ந்த பிறகு பார்த்தபோது அவருக்குப் படம் மிகவும் பிடித்துப்போயிற்று. இடையில் கார்பென்டர் தானே அமைத்த இசை வந்திருந்தது: பியானோவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு துணுக்கு, ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில். நம் காது நான்கில் முடியும் என்று காத்திருக்க, ஒன்று மிச்சமாக வந்து இடறுகிறது. பையன்களும் பெண்களும் கத்திக்கொண்டிருக்கும் பஸ்ஸில் அது எப்படிக் கேட்டிருக்கும்?

பனைமரத்துக்கு வருகிறேன். உண்மைதான், தெரிகிறது. கலிஃபோர்னியா கார் எண் பலகைகளும் தெரிகின்றன. இல்லினாயில் இருப்பதாக வரும் ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊரை, கலிஃபோர்னியாவின் சவுத் பாசடீனாவிலும் ஹாலிவுட்டிலும் எடுத்தார்கள். வசந்தத்தில், கதை நடக்கும் இலையுதிர்கால அக்டோபரைக் காட்ட, இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி மூட்டை கட்டி அடுத்த இடத்துக்குத் தூக்கிப்போனார்கள். மரத்திலோ பச்சை இலை. இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல்முறை பார்க்கும்போதே பனைமரம் கண்ணில் பட்டவர், அந்த நேரத்தில் ஓரத்தில் அவனைத் தேடவில்லை என்று அர்த்தம். அவருக்குப் படம் வேலை செய்யவில்லை. அதற்கான காரணத்தை மரத்தில் தேடவேண்டியதில்லை.

கத்தி விஷயம் வேறு. இரண்டு முறை தூக்கிப் போடுகிறாள், இரண்டாவது முறை எனக்கும் தாங்கவில்லை. பயந்துபோன பதினேழு வயதுப் பெண் ரத்தம் தோய்ந்த கத்தியை அருவருத்து எறிவாள் என்று சமாதானம் சொல்லலாம். ஒருமுறைக்கு அது சரி. இரண்டாவது, திரைக்கதையின் வசதிக்காகத்தான்.

ஒழுக்கக் குற்றச்சாட்டைத்தான் நான் அதிகம் யோசித்தேன். படம் வந்த காலத்திலேயே எழுந்த கேள்வி இது. கார்பென்டர் மறுத்தார்: மற்ற பெண்களின் கவனம் வேறெங்கோ இருந்தது, லாரி தனிமையில் இருந்ததால் கவனித்தாள், அவ்வளவே என்றார். தோழிகள் பேசிக்கொள்ளும் வசனங்களில் பெரும்பகுதி, இணைந்து எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லுடையது. அந்தப் பேச்சில் வெறுப்பு இல்லை, பள்ளி விட்டு வரும் பெண்களின் உயிர்ப்பு இருக்கிறது. 1980-ல் விமர்சகர்கள் ஜீன் சிஸ்கலும் ராஜர் ஈபர்ட்டும் பெண்களைத் துரத்திக் கொல்லும் படங்களைக் கடுமையாகக் கண்டித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே நடத்தினார்கள். கேமராவைக் கொலைகாரனின் கண்ணாக்கி நம்மையும் அவன் பக்கம் நிறுத்துகிறார்கள் என்பது அவர்களின் கோபம். அவர்களே ‘ஹாலோவீனை’ விலக்கி நிறுத்திப் பாராட்டினார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன். இந்தப் படமும் கொலைகாரனின் கண்ணில்தான் தொடங்குகிறது. ஆனால் முகமூடியை உருவியதும் ஆறு வயதுச் சிறுவன் நிற்கிறான், நாம் கூசிப்போகிறோம். அதன்பிறகு படம் பெரும்பாலும் லாரியோடு இருக்கிறது. ஆனாலும் சாகப்போகும் பெண்ணின் உடலைக் காட்டிவிட்டுத்தான் கொல்கிறது, இருமுறை. அந்த இடங்களைச் சுட்டி ஒரு பெண் பார்வையாளர் கோபப்பட்டால் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

பெரிய பெயர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. விமர்சகர் பவுலின் கேல், சினிமாவுக்கு வெளியே கார்பென்டருக்கு வாழ்க்கையே இருந்ததாகத் தெரியவில்லை என்கிற தொனியில் எழுதினார். ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். 1978 அக்டோபரில் கான்சஸ் சிட்டியில் தொடங்கி ஊர் ஊராகப் போன படத்தை ஓடவைத்தது, பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொன்னதுதான். அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூல். 2006-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எங்கே, எந்தத் திரையில், யாரோடு பார்த்தேன் என்று சொல்பவரை நம்புங்கள். எந்த இடத்தில் கண்ணை மூடினேன், எந்த இடத்தில் சலித்தது என்று எழுதுபவரை, அவர் படத்தைத் திட்டினாலும் நம்புங்கள். மேதைமை என்றும் குப்பை என்றும் ஒரே சொல்லில் முடிப்பவர்களைக் கடந்துபோகலாம்.

தம்பியிடம் இரண்டாம் பாகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1981-ல் வந்தது, இயக்கியது ரிக் ரோசன்தால். அதற்குள் பார்வையாளர்கள் ரத்தத்துக்குப் பழகிவிட்டிருந்தார்கள். படம் சாதுவாக இருக்கிறதென்று கருதி, கார்பென்டரே கொடூரக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார். தம்பிக்கு அது பிடிக்கக்கூடும். பிடித்தால் அவனோடு சண்டை போடாதீர்கள். ஒருநாள் ராத்திரி முதல் பாகத்தை ஹாலில் உங்களோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.