'ரன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நான் இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்த கதையை முதலில் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவருக்கு, உதவியாளாகச் சேர்ந்த புதிது. நாங்கள் அனுப்பிய சிவப்பு டீ-ஷர்ட் சாம்பிளைப் பற்றி சரக்கு வாங்கும் லண்டன் பையரிடமிருந்து 'தி ரெட் ரன்ஸ்' என்று ஒரு வரி மெயில் வந்தது. படம் ஓடுகிறது, கடையில் சரக்கு ஓடுகிறது என்று நாம் சொல்வோமே, அந்த நினைப்பில், "அண்ணா, சிவப்பு அங்க நல்லா ஓடுதாம்" என்று சீனியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மெயிலைப் படித்தார். எங்களிடம் இருந்த இன்னொரு சாம்பிளின் ஓரத்தை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்தார். வெள்ளை ரோஸாகிவிட்டது. "ஓடுதுன்னா விக்குதுன்னு இல்ல கண்ணு, சாயம் எறங்குதுன்னு சொல்றாங்க." சாயம் ஏற்றியபின் நூலில் பிடிக்காமல் நிற்கும் மிச்சச் சாயத்தை சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி எடுக்க வேண்டும். அந்த அலசல் சரியாக நடக்கவில்லை. மொத்தத் துணியும் மறுபடி சாயப்பட்டறைக்குப் போனது.

அன்றிலிருந்து இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள் கொடுக்கிறது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லின் பதிவைத் திருத்தி எழுத 9 மாதம் உழைத்தார். அதற்கு முன், 1989 பதிப்பில், அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது, 430 பொருள்.

ஏன் இத்தனை என்றால், பழைய ஆங்கிலத்திலேயே இந்த வினை கால் ஓடுவதையும் தண்ணீர் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல் 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதைத்தான் சொல்கிறது. நம் 'ஓடு' போட்ட பாதையும் கிட்டத்தட்ட இதுதான்: ஓடை, நீரோட்டம், ரத்த ஓட்டம். பிறகு இயந்திரங்கள் வந்தன. ரயில், மோட்டார், ஆலை எல்லாம் ஆங்கிலத்தில் 'ரன்' ஆயின. நமக்கும் ரயில் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. அதனால்தான் பாதி அர்த்தங்கள் தமிழருக்குப் பாடம் படிக்காமலே புரிந்துவிடுகின்றன.

கவனிக்க வேண்டியது வழி பிரியும் இடங்களை. கடையை, பள்ளியை, கம்பெனியை ஆங்கிலேயர் 'ரன்' செய்கிறார்கள்; நாம் நடத்துகிறோம். நட என்பதிலிருந்து வந்த நடத்து! அவர்கள் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம். அமெரிக்காவில் தேர்தலுக்கு 'ரன்' செய்கிறார்கள். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார்கள், நாமும் தேர்தலில் நிற்கிறோம். மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. குடும்பத்தில் ஒரு நோய் 'ரன்' ஆகிறது என்றால் பரம்பரையாக வருகிறது. கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஓர் அடிகூட ஓடாமலே 4 ரன்!

சரி, படிக்கும் முறை. பட்டியலை மூடி வைத்துவிட்டு இரண்டை மட்டும் பாருங்கள். முதலில், ஓடுவது எது: ஆளா, திரவமா, இயந்திரமா, நிறுவனமா? அப்புறம், வாலாக ஒட்டியிருக்கும் சின்னச் சொல் எது? 'அவுட் ஆஃப்' ஒட்டினால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. 'இன்டூ' வந்து எதிரில் ஓர் ஆள் இருந்தால், பெரும்பாலும் அவரைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார்கள். 'ஓவர்' வந்தால் மேலே வண்டி ஏறியிருக்கலாம், அல்லது கூட்டம் நேரம் தாண்டிப் போயிருக்கலாம். எது என்பதை முன்னால் இருக்கும் பெயர்ச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் படிக்கும் செய்தியிலோ மெயிலிலோ இந்தச் சொல் வரும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அந்த இடத்துக்கு உங்கள் வீட்டில் பேசும் தமிழ் வினையைப் போடுங்கள். என் நோட்டின் முதல் வரி 'சாயம் இறங்குது'.