பாராசிட்டமால்: 150 உச்சம் ஏன் வரவில்லை?

மின்வேதிக் கலத்தில் பாராசிட்டமாலை ஆக்சிஜனேற்றி நேராக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் (அயனிகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) விட்டால் பாராசிட்டமாலின் 152 உச்சம் குறைகிறது, ஆனால் ஆக்சிஜனேறிய பொருளுக்கு வரவேண்டிய 150 வரவே இல்லை, கலத்தின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டன்ஷியோஸ்டாட்டும் ஆடுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் பயன்படுத்துவது சோடியம் பாஸ்பேட் பஃபர் (pH-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) என்று படித்ததுமே பாதி புரிந்துவிட்டது. மின்வேதிக் கலத்துக்கு அது நல்லது, கரைசலை உயர் மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரேக்கு எமன். ஆவியாகாத உப்பு அயனியாக்கத்தை அமுக்கும், நுழைவாயிலில் வெள்ளையாகப் படியும். ஆவியாகக்கூடிய 10–20 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட்டுக்கு மாறுங்கள்.

மீதிப் பாதி, கலத்திலிருந்து ஸ்பிரேக்குப் போகும் குழாய். 0.25 மி.மீ. உள்விட்டத்தில் 1 மீட்டர் என்றால் உள்ளே 49 மைக்ரோலிட்டர் நிற்கும். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் கிட்டத்தட்ட 5 நிமிடப் பயணம். ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் குயினோன்இமைன் (அந்த 150-க்குரிய, எளிதில் வினைபுரியும் பொருள்) அதுவரை முழுதாகத் தாங்காமல் போகலாம். 0.13 மி.மீ. குழாயை 20 செ.மீ.க்கு வெட்டிப் போட்டால் 16 விநாடிதான். அப்படியும் சந்தேகமா? கலத்துக்குப் பின் ஒரு டீ (T வடிவ) இணைப்பில் குயினோன்இமைனைப் பிடித்துக்கொள்ளும் குளுட்டாத்தயோனைச் சேர்த்து, இரண்டும் இணைந்ததன் உச்சமான 457-ஐத் தேடுங்கள். கல்லீரலும் இதைத்தானே செய்கிறது!

அப்புறம் பொட்டன்ஷியோஸ்டாட்டின் அந்த ஆட்டம். ஸ்பிரே ஊசியின் 3–4 கிலோவோல்ட் கரைசல் வழியாகவே கலத்துக்குத் திரும்பி வருகிறது. கலத்துக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு ஸ்டீல் யூனியன் (குழாய் இணைப்பான்) போட்டு அதை எர்த் செய்யுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கருவியோடு கையும் போகும்.